கழிச்சலைப் படித்துவிட்டு மூலிகைக்குப் போங்கள்: நாட்டுக்கோழிக் குடல் கோளாறுகள், அறிகுறி வாரியாக

"ஏனுங்க, கோழி கழியுது. என்ன மூலிகை கொடுக்கட்டும்?"

வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். காங்கேயம் பக்கம் முந்நூறு சிறுவிடை நாட்டுக்கோழி வைத்திருப்பவனிடம் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். நான் பதில் சொல்வதில்லை, திருப்பி நான்கு கேள்வி கேட்கிறேன். எச்சம் என்ன நிறம்? கோழிக்கு எத்தனை வாரம்? கொட்டகைத் தரையில் பரப்பிய கூளம் ஈரமா? தீனி மாற்றினீர்களா? பாதிப் பேர் முதல் கேள்வியிலேயே "பார்க்கலையே" என்பார்கள். மஞ்சளும் பூண்டும் அரைத்து உருட்டிக் கொடுத்து முடித்திருப்பார்கள், எச்சத்தை மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை: இரவு கோழி அடையும் கம்புக்கு அடியில் பழைய செய்தித்தாளையோ தீவனச் சாக்கையோ விரித்து வையுங்கள். விடியற்காலையில் வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். கீழே உள்ளதெல்லாம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது.

நல்ல எச்சம் எது

கெட்டியாக, பழுப்பாகவோ சாம்பல் பச்சையாகவோ உருண்டிருக்கும். மேலே வெள்ளைத் தொப்பி இருக்கும். அந்த வெள்ளை கோழியின் சிறுநீர் உப்பு, நோயல்ல. இதோடு, பத்து எச்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில், கருப்பட்டிப் பாகு போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு ஒன்று விழும். கோழிக்குக் குருட்டுக்குடல் இரண்டு உண்டு. அவை காலியாகும்போது வருவது இது. புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் அதிகம் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். மற்ற எச்சம் உருண்டையாக இருந்து, கோழி துறுதுறுவென்று மேய்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பயந்து ஒரு வாரம் வேப்பிலையை அரைத்து ஊற்றி, தீனி எடுப்பதையே குறைத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மூலிகையைத் தொடவே கூடாத நிலை

கழுத்து திருகிக்கொண்டு நிற்பது, இறக்கை தொங்குவது, வாயைப் பிளந்து மூச்சு வாங்குவது, கொண்டை நீலம் பாய்வது, முகம் வீங்குவது, ஒரே நாளில் நான்கைந்து சாவது. இவற்றில் எது இருந்தாலும் அதை வெறும் குடல் விவகாரமாக நினைக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழையுங்கள். காரணம் தெரியாமல் கூட்டமாகச் செத்தால் வீட்டில் அறுத்துப் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சல் என்றால் அறுத்தவருக்கே ஆபத்து.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. அது ஏகப்பட்ட கோழிகளைக் கொன்றிருக்கிறது. நம் ஊரில் "வெள்ளைக்கழிச்சல்" என்பது ராணிக்கெட் நோயின் பெயர். அது வைரஸ் நோய், எச்சம் வெள்ளையாகவும் வரும், பச்சையாகவும் வரும். ஆனால் எந்தக் குஞ்சுக்கு வெள்ளையாகப் போனாலும் "வெள்ளைக்கழிச்சல் வந்திருச்சு" என்கிறோம். வெள்ளையாகப் போகக் காரணங்கள் நான்கைந்து உண்டு, மருந்து வேறு வேறு. ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசிதான் வழி: முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நாலாவது வாரம் வாக்கில் லசோட்டா என்ற தடுப்பூசி, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. வருடாவருடம் பிப்ரவரியில் கால்நடைத்துறை இலவச முகாம் நடத்துகிறது.

சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்து அரைக்கும் உருண்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் கொடுக்கிறேன். தடுப்பூசி போட்ட கோழிக்குத் துணையாகக் கொடுக்கிறேன். தடுப்பூசிக்குப் பதிலாகக் கொடுத்த வருடம் ஒன்று உண்டு. அந்த வருடம் கொட்டகையைக் கழுவி மூடினேன்.

எச்சத்தில் ரத்தம், மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு

ரத்தக்கழிச்சல். காக்சிடியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. குருட்டுக்குடலைத் தாக்கும் வகைதான் சிவப்பாகப் புது ரத்தமாகப் போகவைக்கும். குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் ஒடுங்கும், கொண்டை வெளுக்கும்.

இது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. நோயுள்ள கோழியின் எச்சத்தில் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு வெளியே வரும். வந்தவுடன் அதற்குத் தொற்றும் சக்தி கிடையாது. வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் பக்குவமாகிவிடும். அதைக் கொத்தித் தின்ற குஞ்சு அடுத்த ஒரு வாரத்துக்குள் தன் பங்குக்கு ஆயிரக்கணக்கில் வெளியே விடும். ஐப்பசி மழையில் சாரல் அடித்து நனைந்த உமிக்கூளம் இதற்கு நாற்றங்கால்.

எனவே வரிசை இப்படி.

கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் ஈரம் அதிகம். மெதுவாக உதிர்ந்தால் சரி. தண்ணீர்க் குடுவையைச் சுற்றி இரண்டடிக்குக் கூளம் கட்டியாகியிருக்கும், முதலில் அதை வெட்டி வெளியே போடுங்கள். காய்ந்த உமியோ கடலைத்தோலோ புதிதாகப் போட்டுக் கிளறுங்கள். குடுவையைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்துங்கள், தரையில் வைத்தால் கூளமும் எச்சமும் உள்ளே விழும். ஃபினாயில் தெளித்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். முட்டைக்கூடு தடித்த ஓடுள்ளது, சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது. வறட்சியும் சூடும்தான் அதற்கு எமன். கொட்டகை காலியாக இருக்கும்போது தீச்சுடர் காட்டுவது அதனால்தான்.

அடுத்து மருந்து. ரத்தம் தெரிந்துவிட்டால் மூலிகை நேரம் கடந்துவிட்டது. மருத்துவரிடம் எச்சத்தைக் காட்டி ஆம்ப்ரோலியமோ அவர் சொல்லும் வேறு மருந்தோ தண்ணீரில் கலந்து கொடுங்கள், அவர் சொன்ன நாள் முழுக்க. இரண்டாம் நாள் ரத்தம் நின்றதும் நிறுத்துபவர்கள் பத்தாம் நாள் திரும்ப வருவார்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போல வேடம் போட்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. "கோழி சோர்ந்திருக்கே" என்று அதே தண்ணீரில் பி-காம்ப்ளக்ஸ் டானிக்கை ஊற்றினால் ஒட்டுண்ணிக்கு நீங்களே விருந்து வைக்கிறீர்கள். டானிக் மருந்து முடிந்த பிறகு. பல "ஹெர்பல் லிவர் டானிக்"குகளில் பி வைட்டமின் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் படியுங்கள்.

அப்படியானால் மூலிகைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, இதற்கு முன்பும் பின்பும். பூண்டு, ஓமம், மஞ்சள் ஆகியவை ஒட்டுண்ணியின் பெருக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், புண்ணான குடலின் அழற்சியைத் தணிக்க உதவும். மருந்து முடிந்த மறுநாளிலிருந்து பத்து நாளைக்குக் கிலோ தீனிக்கு 5 கிராம் மஞ்சள்தூள் கலந்து போடுகிறேன், கூடவே மோர். "மலேரியா மருந்தே அந்தச் செடியிலிருந்துதான்" என்று சொல்லி மாசிபத்திரியை விற்பவர்களும் வருகிறார்கள். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மலேரியா மருந்தை எடுக்கும் செடி மாசிபத்திரிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே செடி அல்ல.

குஞ்சின் பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறது, முதல் பத்து நாள்

குளிர் பட்டதா என்று முதலில் பாருங்கள். முதல் வாரம் பல்புக்கு அடியில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும், வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சே சொல்லும்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், தகடு ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. சூடு சரியானாலே பலதும் இரண்டு நாளில் தெளியும். ஒட்டியதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து எடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் தோலோடு வரும்.

சூடு சரியாக இருந்தும் தினமும் சாகிறது, சுண்ணாம்புக் குழம்பு போலப் போகிறது என்றால் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா மேல் சந்தேகம். அது தாயிடமிருந்து முட்டை வழியாகவே வரும். பிழைத்த குஞ்சும் காலமெல்லாம் கிருமியைச் சுமக்கும். அந்தத் தாய்க்கோழிகளின் முட்டையை அடைவைக்காதீர்கள். இதற்கு எந்த இலையும் உதவாது.

வெள்ளையாகத் தண்ணீர், மூன்று முதல் ஆறு வாரம், குதத்தைத் தானே கொத்துகிறது

கம்போரோ என்ற வைரஸ் நோய். இது நிறையப் பொய் வைத்தியர்களை உருவாக்கிய நோய். சாவு திடீரென ஏறும், மூன்றாம் நான்காம் நாள் உச்சம் தொடும், ஒரு வாரத்தில் தானாக இறங்கிவிடும். நாலாம் நாள் நீங்கள் எதைக் கொடுத்தாலும் ஆறாம் நாள் சாவு குறையும். நிலவேம்பு கொடுத்தவர் நிலவேம்பு என்பார், சுண்டக்கஞ்சி கொடுத்தவர் சுண்டக்கஞ்சி என்பார். வெல்லமும் உப்பும் கலந்த தண்ணீர், நிழல், தொந்தரவு செய்யாமை. அதற்குமேல் செய்ய அதிகமில்லை. அடுத்த தொகுதிக்கு இரண்டாம் வாரம் தடுப்பூசி. இந்த நோய் எதிர்ப்புச் சக்தியையே அடித்துவிடுவதால், பிழைத்த கோழிகளுக்குப் பின்னால் ரத்தக்கழிச்சல் வரிசையில் நிற்கும். அங்கேதான் கவனம் வேண்டும்.

வெறும் தண்ணீராகப் போகிறது, ஆனால் கோழி நன்றாக இருக்கிறது

சித்திரை, வைகாசியா? அப்படியானால் கோழி தண்ணீர் அதிகம் குடிக்கிறது, அவ்வளவுதான். சாதாரண நாளில் தின்னும் தீனியின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயிலில் அது நான்கு மடங்கு வரை போகும். குளிர்ந்த தண்ணீர், கூரைமேல் தென்னங்கீற்று. மதியம் தீனியை நிறுத்தி, காலையும் மாலையும் போடுங்கள்.

வெயில் இல்லையென்றால் உப்பு. சொந்தமாகத் தீனி அரைப்பவர்கள் கருவாட்டுத்தூளைச் சேர்த்துவிட்டு, வழக்கமான உப்பையும் போடுவார்கள். மொத்தத் தீனியில் உப்பு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலிவான கருவாட்டில் கொடுத்த விலையில் பாதி உப்புக்கே போயிருக்கும். எனக்கு ஒருமுறை நடந்தது: நான்கு நாள் ஓமத்தண்ணீர், இரண்டு நாள் மாதுளைத்தோல் கஷாயம், கழிச்சல் நிற்கவில்லை. தீனி மூட்டையை மாற்றிய மறுநாள் நின்றது. மாதுளைத்தோலின் துவர்ப்பு குடலைச் சுருக்கும் என்பது உண்மை. ஆனால் உப்புக்கு அது என்ன செய்யும்?

தண்ணீரில் மிதந்து வளரும் தீவனச் செடியான அசோலாவை அதிகம் போட்டாலும் பச்சைத் தண்ணீராகப் போகும். அசோலாவில் பெரும்பகுதி தண்ணீர்தானே.

ஆரஞ்சு நிறச் சளி, நுரை, தின்ற தானியம் அப்படியே வெளியே

குடலின் உட்சுவர் உரிகிறது என்று அர்த்தம். செத்த கோழியை மருத்துவர் அறுத்தால் சிறுகுடல் காற்று நிரம்பி உப்பி, உள்ளே சொரசொரத் துவாலை போல இருக்கும். க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வேலை. அது எல்லாக் கோழியின் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். காக்சிடியா குடலைக் கீறிவிட்டால், அல்லது மீன்தூளும் கோதுமையும் தீனியில் கூடிவிட்டால், திடீரென்று பெருகும்.

மூலிகைக்கு நல்ல வேலை இருக்கும் இடம் என்று நான் நினைப்பது இது, அதுவும் வருமுன் காக்க. ஓமத்தில் தைமால் இருக்கிறது, கற்பூரவல்லியில் கார்வக்ரால். இரண்டும் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைப்பவை. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதைத் தடை செய்த பிறகு, அங்கே தீவனத்தில் கலக்கும் எண்ணெய்களில் பலவும் இந்த இரண்டைச் சுற்றியே வந்தன. நம் நாட்டில் 2019-இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அதற்குப் பின் கடைகளில் "ஹெர்பல்" பொட்டலங்கள் பெருகின. உள்ளே எந்தச் செடி, எத்தனை கிராம் என்று எழுதாத பொட்டலத்தை நான் வாங்குவதில்லை.

சாவு தொடங்கிவிட்டால் மருத்துவர் எழுதும் ஆன்டிபயாடிக் தேவை. சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், மருந்து முடிந்து எத்தனை நாள் கழித்து முட்டையையும் கறியையும் சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சை எச்சம்

கீரை, அகத்தி, அசோலா மேய்ந்ததா? அப்படியானால் விடுங்கள். மேயவில்லை, எச்சம் பளபளவென்று கரும்பச்சை, கோழி உறைந்து நிற்கிறது என்றால், பசியோடு இருக்கும் கோழியின் பித்தம் அப்படியே வருகிறது. பச்சை நோயின் பெயரைச் சொல்லாது, கோழி தின்னவில்லை என்பதை மட்டும் சொல்லும். ஏன் தின்னவில்லை என்று தேடுங்கள். ராணிக்கெட்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

கீழாநெல்லி கல்லீரலுக்கு நல்லது என்று எல்லாப் பச்சைக்கும் அதைக் கொடுப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் அதைக் கெடுத்தது பெரும்பாலும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமோ கடலைப் புண்ணாக்கோதான். அந்தப் பூஞ்சை விடும் நஞ்சான அஃப்லடாக்சின் கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. மழைக்காலத்தில் சோளத்தைக் கடித்துப் பாருங்கள், "டக்" என்று உடைய வேண்டும். பல்லில் நசுங்கினால் மூட்டையில் கட்டாதீர்கள். கெட்ட தீனி தட்டில் இருக்கும்வரை கீழாநெல்லி ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

நன்றாகத் தின்கிறது, நெஞ்செலும்பு கத்தி போல நிற்கிறது

புழு. மேய்ச்சல் கோழிக்கு இது தவிர்க்க முடியாதது. எச்சத்தில் விரல் நீள வெள்ளைப் புழு என்றால் உருண்டைப்புழு. அரிசி போலச் சின்னத் துண்டுகள் நெளிந்தால் நாடாப்புழு. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கும் பைபரசின் என்ற புழு மருந்து உருண்டைப்புழுவுக்கு மட்டும்தான். நாடாப்புழு எறும்பு, வண்டு, ஈ வழியாக வருவதால், எருக்குழிக்குப் பக்கத்தில் கொட்டகை இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும்.

வேப்பிலை, பாகல் இலை, குப்பைமேனி எல்லாம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சுமை குறைவாக இருக்கும்போது கட்டுக்குள் வைக்க உதவுவதுபோலத்தான் இருக்கிறது. நெஞ்செலும்பு துருத்திய கோழிக்குப் போதாது. மருத்துவர் மருந்து கொடுத்து, மூலிகையை அடுத்தடுத்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தீனிப்பை காலையிலும் வீங்கியே இருக்கிறது

விடியும்போது கழுத்தடித் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் நாரோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறது. கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு மெல்லப் பிசையுங்கள், இறங்காவிட்டால் மருத்துவர். பலூன் போலத் தளதளத்து வாயில் புளிப்பு வாடை வந்தால் உள்ளே நொதிக்கிறது. அன்று தீனி வேண்டாம், சுத்தமான தண்ணீர் மட்டும். வெல்லத்தண்ணீர் இங்கே கெடுதல்.

மூலிகை கொடுத்த பிறகுதான் கோளாறே வந்தது

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, விற்பவர்கள் நிச்சயம் எழுத மாட்டார்கள்.

தீனி எடுப்பது குறைந்தால் கசப்பு. நிலவேம்பு, வேம்பு இரண்டையும் தினமும் போடாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், அதுவும் மாலைத் தீனியில். முருங்கையிலைப் பொடி நல்ல புரதம், மஞ்சள் கருவுக்கு நிறம் தரும். ஆனால் தீனியில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டினால் செரிமானம் மந்தமாகும்.

தண்ணீர்க் குழாயில் வழவழப்பா? மூலிகைச் சாற்றையும் வெல்லத்தையும் நிப்பிள் குழாயில் விட்டிருப்பீர்கள். உள்ளே பாசி போலப் படலம் பிடித்து, கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கும். இலைச்சாறு தீனியில் பிசைவதற்கு உரியது. தண்ணீரில்தான் கொடுக்க வேண்டுமென்றால் தனிக் குடுவையில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் எடுத்துக் கழுவுங்கள். காலையில் அரைத்த சாறு மதிய வெயிலில் புளித்துவிடும்.

தடுப்பூசி போட்டும் நோய் வந்ததா? தண்ணீரில் கொடுப்பது உயிருள்ள தடுப்பூசி. குளோரினோ கிருமிநாசினியோ பட்டால் அதில் உள்ள வைரஸ் செத்துவிடும். அதே தண்ணீரில் மூலிகைச் சாற்றைக் கலந்து சோதிக்கவும் வேண்டாம். தடுப்பூசிக்கு முதல் நாளும் மறுநாளும் தண்ணீரில் எதையும் கலக்காமல் விடுங்கள்.

பூண்டு பலனே தரவில்லையா? வேகவைத்திருப்பீர்கள். பூண்டை நசுக்கினால்தான் அல்லிசின் உண்டாகும், சூடு பட்டால் அதை உண்டாக்கும் நொதியே செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்து, தீனியில் பிசைந்து உடனே போடுங்கள். கிலோ தீனிக்குப் பத்துக் கிராம் பூண்டுக்கு மேல் நான் போவதில்லை.

மஞ்சள்தூளைப் பாக்கெட்டில் வாங்காமல், ஈரோட்டு விரலி மஞ்சளாக வாங்கி அரையுங்கள். சாயம் கலந்த தூள் குடலுக்கு மருந்தாகாது. இலைப்பொடிகளை நிழலில் காயவைத்து, சருகாக நொறுங்கிய பிறகே பொடியுங்கள். அரைகுறை ஈரத்தில் டப்பாவில் அடைத்த துளசிப்பொடி மூன்றாவது வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதையும் "மூலிகை" என்று போட்டுவிட்டு, கல்லீரல் கெட்டது என்று கீழாநெல்லி தேடுவோம்.

ஒரே நேரத்தில் ஐந்து பொருளைத் தொடங்கவும் வேண்டாம். எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. ஒன்றைத் தொடங்கி ஐந்து நாள் பாருங்கள். காலண்டரில் தேதியையும், அன்றைய தீனி எத்தனை கிலோ போனது என்பதையும் குறியுங்கள். தீனி எடுப்பு இறங்கத் தொடங்குவது எச்சத்தில் நிறம் மாறுவதற்கு ஒரு நாள் முன்பே தெரியும்.

எதிலும் பிடிபடவில்லை

ஆய்வுக்குக் கொண்டு போங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கம்தான். செத்த கோழியை ஃப்ரீசரில் உறையவைத்தால் குடல் சிதைந்து ஒன்றும் தெரியாது. இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். சாவதற்கு முன்பே சோர்ந்து நிற்கும் இரண்டைத் தனிக் கூண்டில் உயிரோடு கொண்டு போனால் இன்னும் நல்லது. கூடவே தீனி அரைக்கிலோ, தண்ணீர் ஒரு பாட்டில், கொடுத்த மருந்து, மூலிகை எல்லாவற்றின் பட்டியல். பட்டியலில் எதையும் மறைக்காதீர்கள், வேப்பெண்ணெய் ஊற்றியதைக்கூட.